எங்க ஆடியோ கடைக்கு ஒரு காது

லோகோ வரையறதெல்லாம் ஒரு மேட்டரான்னுதான் நானும் நெனச்சேன். ஃபோன்ல ஆப் இருக்கு, டீ ஆறதுக்குள்ள நாலு தட்டு தட்டுனா வந்துரும்னு எங்கண்ணன்கிட்ட செம சீன் போட்டேன். விஸ்காம் படிச்சவ வேற. காலேஜ்ல எல்லா ஃபங்ஷனுக்கும் நான்தான் போஸ்டர். படப்பைல ரோட்டோரம் ஒரு ஷட்டர் கடைக்கு லோகோ போடறது எனக்கு ஒரு வேலையா? ஆனா நான் போட்ட எந்த வேலையும் இவ்ளோ நாள் இழுத்ததில்ல. இவ்ளோ யோசிக்கவும் வெச்சதில்ல.

மொதல்ல கடையப் பத்தி சொல்லிடறேன். எங்களுது ஆடியோ ஃபிட்டிங் கடை. ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன், லோடு வண்டி, எது வந்தாலும் செட்டு, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் மாட்டிக் குடுப்போம். கை வேலை எல்லாம் அண்ணன். அவன் ஒரகடத்துல ஒரு பிரஸ் ஷாப்ல, அதான் கார் பாடிக்குத் தகடு அடிச்சு வளைக்கிற எடம், அங்க ரொம்ப வருஷம் கான்ட்ராக்ட்ல இருந்தான். லீவு நாள்ல ஃப்ரெண்டுங்க ஆட்டோக்கு சும்மா ஸ்பீக்கர் மாட்டிக் குடுத்துக் குடுத்துக் கை பழகிடுச்சு. போன வருஷம் வேலைய வுட்டுட்டு இதுல எறங்கிட்டான். நான் கஸ்டமர், இன்ஸ்டா, ரீல்ஸ், வாய். இதுல வாய்தான் பெரிய டிபார்ட்மென்ட். ஏன்னா அவன் பேசவே மாட்டான். ஃபோன் வந்தா என் கைல திணிச்சுட்டு ஸ்க்ரூடிரைவர எடுத்துக்குவான். கூச்சம்னு நெனச்சிருந்தேன்.

இந்த ரூட்ல ஆடியோ கடைக்கு போர்டால ஆள் வராது. ஸ்டிக்கராலதான் வரும். எந்தக் கடைல செட்டு மாட்டுனாலும், அந்தக் கடைக்காரன் வண்டியோட பின் கண்ணாடில தன் ஸ்டிக்கர ஒட்டித்தான் அனுப்புவான். யாரும் பர்மிஷன் கேட்டு ஒட்டறதில்ல, அது ஒரு வழக்கம். ஷிஃப்ட் விடற நேரத்துல ஒரகடம் ரோட்ல மாட்டிக்கிட்டீங்கன்னா முன்னாடி நிக்கற வண்டியோட முதுகத் தவிர பாக்கறதுக்கு ஒன்னும் கெடையாது. அந்த முதுகுல நம்ம பேரு இருந்தா பொழச்சோம்.

ஆனா எடம் கெடைக்கணுமே! சாமி ஒரு பக்கம், பொண்ணு பையன் பேரு ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம், லவ்வுல அடி வாங்குனவனா இருந்தா அதுக்கு ரெண்டு வரி. மீதி இருக்கற உள்ளங்கை சைஸ் எடத்துல நாம போய் உக்காரணும். எங்க கடைப் பேரு எங்கம்மா பேரு, அது வேற நீளம். யாரும் படிக்கப் போறதில்ல. படம்தான் பேசணும்.

அதனால எடுத்தவுடனே காது போட்டேன். ஒரு பெரிய காது, அதுக்குள்ள போற மாதிரி மூணு அலை. கருப்பு மேல மஞ்சள். எனக்கே மாஸா இருந்துச்சு. அண்ணன்கிட்ட காட்டுனேன்.

"இன்னாடீ இது?"

"காது."

"அது தெரியுது. எதுக்குக் காது?"

"நீ பாட்டு எதால கேப்ப, மூக்காலயா?"

"காது டாக்டர் போர்டு மாரி கீது. வேற போடு."

சிரிச்சுட்டேன். பாயின்ட்தான். சரின்னு ஹெட்ஃபோன் போட்டேன். "நம்ம இன்னா ஹெட்ஃபோனா விக்கிறோம்? தூக்கு அத." அதும் பாயின்ட்தான். அடுத்தது ஒரு ஸ்பீக்கர், அதுக்கு ரெண்டு பக்கமும் அலை. இத ரொம்ப நேரம் பாத்தான். அப்றம் கிரீஸ் அழுக்கு ஒட்டுன வெரல திரைமேல எடது ஓரத்துல வெச்சு, "இந்தப் பக்கத்து அலைய எடுத்துரு"ன்னான்.

"ஏன்டா?"

"ஜாஸ்தியா கீது."

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா கோணையா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சவுண்டு வர்ற ஸ்பீக்கர எவன்டா வாங்குவான்?"

"அப்ப இதும் வேணாம்"னுட்டுப் போய்ட்டான்.

காசு குடுக்காத க்ளையன்ட்தான் ஜாஸ்தி கரெக்‌ஷன் சொல்வான்னு காலேஜ்லயே தெரியும். அந்த க்ளையன்ட் கூடப் பொறந்தவனா இருந்தா ப்ளாக் கூடப் பண்ண முடியாது, ஒரே வூட்ல இருக்கோம். அதனால கோவத்துல ஒரு ஐடியா பண்ணேன். மூணு டிசைனயும் பிரிண்ட் எடுத்து ஷட்டர்ல ஒட்டி, கீழ ஒரு சாக்பீஸ் வெச்சேன். எங்க கடைக்கு எதுக்கவே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. அவங்க கண்ணாடிலதான் ஒட்டப் போறோம், அவங்களே சொல்லட்டும்.

"இன்னா பாப்பா, எலெக்‌ஷனா?" மொத ஆளு டீ கிளாஸோட வந்தாரு.

"ஆமாண்ணா. ஆனா காசு, பிரியாணி எதும் கெடையாது."

"அப்ப எதுக்குமா நாங்க ஓட்டு போடணும்?"

ஆனா போட்டாங்க. அதுவும் சண்டை போட்டுக்கிட்டுப் போட்டாங்க. தாடி வெச்ச ஒரு அண்ணன் சொன்னாரு, "ஹெட்ஃபோன் போட்டா ஃபோன் கடைன்னு நெனச்சுப்பானுங்கோ. ஸ்பீக்கர் எல்லாக் கடைக்காரனும் வெச்சுக்கீறான். காதுதான் கெத்து." இன்னொருத்தர், "என் வண்டில அம்மன் காலாண்ட மட்டும்தான் கேப் கீது. பரவால்ல, காதா இருந்தா அங்க ஒட்டு, நம்ம வேண்டுதலாவது போய்ச் சேரும்"னாரு. கோடு மேல கோடா காதுக்குக் கீழதான் விழுந்துச்சு. நான் திமிரா அண்ணன திரும்பிப் பாத்தேன். அவன் ஒரு வண்டிக் கதவ மடில வெச்சுக்கிட்டு ஒயர் சீவிக்கிட்டு இருந்தான்.

அப்பதான் தாடி அண்ணன் சத்தமா, "காது வரையறது இருக்கட்டும்பா, ஓனருக்குக் காது கேக்குதான்னு பாருங்க. நேத்து பஸ் ஸ்டாப்பாண்ட 'தல, தல'ன்னு கத்திக்கினே வரேன், மனுசன் திரும்பவே இல்ல!"

"கேக்காட்டி நமக்குத்தான்யா லாபம்"னு இன்னொருத்தர். "சவுண்ட நல்லா ஏத்தி வெச்சுக் குடுப்பான்!"

ஸ்டாண்டே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அண்ணனும் சிரிச்சான். ஆனா அவன் கொஞ்சம் லேட்டா சிரிச்சான். தலைய நிமித்தி, எல்லார் மூஞ்சியயும் ஒரு ரவுண்டு பாத்துட்டு, அதுக்கப்றம்தான் சிரிச்சான். சிரிச்சு முடிச்சுட்டு என்ன ஏதுன்னு எங்கிட்ட மெதுவா கேட்டான். நான் சொன்னேன். மூஞ்சி மாறிடுச்சு. ஃபியூஸ் வாங்கிட்டு வரேன்னு பைக்க எடுத்துட்டுப் போய்ட்டான். டப்பா நெறய ஃபியூஸ் இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ஃபுல்லா எனக்கு வேலையே ஓடல. கண்ணு முன்னாடியே கெடந்த விஷயமெல்லாம் ஒன்னொன்னா எந்திரிச்சு வந்துச்சு. சாப்புட உக்காந்தா எப்பவும் செவுத்த ஒட்டி, செவுரு எடது பக்கம் இருக்கற மாதிரிதான் உக்காருவான். பைக்ல பின்னாடி உக்காந்து நான் கதை சொன்னா "ஆங்? ஆங்?"ம்பான், ஹெல்மெட்டுன்னு நெனச்சுப்பேன். ஷேர் ஆட்டோல செட்டு மாட்டி முடிச்சா, எதிரெதிர் சீட்டுல ஒன்னுல உக்காந்து ஒரு பாட்டு கேப்பான். அப்றம் எந்திரிச்சு எதுத்த சீட்டுல உக்காந்து அதே பாட்ட மறுபடி கேப்பான். கஸ்டமருங்க "பையன் இன்னா நிதானம் பாரு"ன்னு பாராட்டுவாங்க. வேன்ல என்னக் கூப்ட்டு எடது பக்கம் உக்கார வெச்சு, "ட்வீட்டர் கேக்குதா சொல்லு"ம்பான். ட்வீட்டர்னா அந்தக் குட்டி ஸ்பீக்கர், கொலுசு மாதிரி மெல்லிசா வர்ற சத்தமெல்லாம் அதுலதான் வரும். படிச்ச புள்ள காது ஷார்ப்பா இருக்கும்னு மரியாதை குடுக்கறான்னு நான் வேற கெத்தா உக்காந்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு வேன் வந்துச்சு. செட்டு மாட்டி, கதவெல்லாம் சாத்திட்டு, என்னக் கூப்ட்டான். பாட்டு ஓடுது. நான் எடது சீட்டுல உக்காந்தேன். சுத்தி வளைக்க எனக்கு வரல.

"எந்தக் காதுடா?"

அவன் பாட்ட நிறுத்துனான்.

"எடது"ன்னான். "வலதும் கொஞ்சம். ஆனா எடதுல இந்த மெல்லிசு சத்தமெல்லாம் சுத்தமா இல்ல. ஊஊன்னு ஒன்னு மட்டும் எப்பவும் ஓடிக்கினே கீது."

பிரஸ் ஷாப்ல காதுக்குள்ள வெக்கறதுக்குப் பஞ்சு மாதிரி ஒன்னு குடுப்பாங்களாம். ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டா சூப்பர்வைசர் கத்தறது கேக்காது, பின்னாடி ஃபோர்க்லிஃப்ட் வர்றது தெரியாது. "அதனால ஒரு பக்கம்தான் வெச்சுக்குவோம். வலதுல பஞ்சு, எடது ஆளுங்க பேசறதுக்கு. லைன்ல எல்லாரும் அப்டித்தான்." சொல்லும்போது அது என்னவோ ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு மாதிரிதான் சொன்னான். அந்த வயசுல எனக்கும் அப்டித்தான் தோணியிருக்கும்.

"கம்பெனில டெஸ்ட் எதும் எடுக்க மாட்டாங்களா?"

"எடுப்பாங்களே. வருஷா வருஷம் ஒரு வேன் வரும். உள்ள ஒரு பொட்டில உக்கார வெச்சு ஹெட்ஃபோன் மாட்டுவாங்க. பீப் கேட்டா பட்டன அமுக்கணும். கண்ணாடி வழியா அந்த டெக்னீஷியன் கை தெரியும். அவன் தட்டுனான்னா நானும் அமுக்கிடுவேன்."

"பாஸா?"

"எப்பவுமே ஃபர்ஸ்ட் க்ளாஸ்."

"லூசாடா நீ? எதுக்கு?"

"ஃபெயிலானா லைன்லேந்து தூக்கி பேக்கிங்ல போட்ருவாங்க, OT கெடைக்காது. கான்ட்ராக்ட்காரன்னா அடுத்த மாசம் கூப்டவே மாட்டாங்கன்னு பேசிக்குவாங்க. நெஜமான்னு தெரில. எவனும் ஃபெயிலாயி பாத்ததில்ல."

அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். உனக்கே இப்பதான தெரியும்னான். சரி, தெரிஞ்சா இப்ப இன்னா ஆயிடும்னு கேட்டேன். அவன் ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு சொன்னான்: "ஆடியோ கடைடீ இது. கடைக்காரனுக்கே காது கேக்காதுன்னு தெரிஞ்சா எவன்டீ வண்டிய வுடுவான்? நேத்து காமெடிக்கு சொன்னானுங்கோ. நெஜம்னு தெரிஞ்சா அடுத்த ஸ்டாப்ல கீற கடைக்குப் போய்டுவானுங்கோ. எனக்கு வேற வேலையும் தெரியாது, மறுபடி லைனுக்கும் போவ முடியாது."



"காத தூக்கிடறேன்"னு மட்டும் சொன்னேன்.

"ஓட்டு போட்டாங்களே?"

"கள்ள ஓட்டுன்னு சொல்லிக்கலாம் வுடு."

சிரிச்சான். வேனுக்குக் காசு வாங்கி அனுப்பிட்டோம். அதுக்கு முன்னாடி அவன் கேட்டதுக்கு நான் எடது ட்வீட்டர் சரியா இருக்குன்னு தலையாட்டுனேன், அவனும் சரின்னு வயர மூடுனான். அப்பதான் ஒன்னு கவனிச்சேன். அவன் ஸ்பீக்கரக் கவனிக்கல. என் மூஞ்சியக் கவனிச்சுக்கிட்டு இருந்தான். நான் புருவத்த சுருக்குனா அவன் கை நிக்குது, நான் தலையாட்டுனா அவன் கை நகருது. அந்த டெஸ்ட் வேன்லேந்து அவன் எறங்கவே இல்லன்னு தோணுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் கை இருந்த எடத்துல இப்ப என் மூஞ்சி.

லோகோவ மாத்த உக்காந்தேன். பழைய கேசட் வரைஞ்சேன், பறை வரைஞ்சேன், மியூசிக் நோட் வரைஞ்சேன். எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு, எதுலயும் எங்க கடை இல்ல. ஒரு தொழில் என்னன்னு லோகோ சொல்லணும்னு மூணு வருஷம் படிச்சேன். இப்ப நான் பண்றது என்ன? எங்க தொழில் என்னன்னு தெரியாம இருக்கறதுக்கு லோகோ தேடிக்கிட்டு இருக்கேன். இன்னொன்னும் உறுத்துச்சு. நாளைக்கு எனக்கு வேற வேலை கெடைச்சாலோ, கல்யாணம் ஆனாலோ, ஜுரத்துல படுத்தாலோ, அவன் யார் மூஞ்சியப் பாத்து எடது பக்கத்த சரி பண்ணுவான்? ஒளிச்சு வெக்கறதுல நான் கூட்டா இருக்கலாம். ஆனா எத்தன வண்டிக்கு?

இதெல்லாம் அவன்கிட்ட சொல்லல. எங்க ரெண்டு பேருக்கும் அப்டி உக்காந்து பேசிக்கிற பழக்கம் கெடையாது. திட்டிக்குவோம், அவ்ளோதான். மூணாவது நாளோ என்னமோ, கடை தொறந்து பெருக்கிக்கிட்டு இருக்கேன், அவனா வந்து என் ஃபோன எடுத்து அந்தக் காது டிசைன பெருசு பண்ணிப் பாத்தான்.

"இது எந்தக் காது?"

அத நான் யோசிக்கவே இல்ல. ஆப்ல இருந்த ஒரு காத எடுத்துப் போட்டேன். ஃபோன என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு வளைவு எந்தப் பக்கம் போவுதுன்னு கண்ணாடில பாத்தேன்.

"எடது."

"திருப்பிப் போடு."

"அப்ப காதேவா?"

"வேற எல்லாம் மொக்கையா கீது. நீ வேற நாள் பூரா அழுதுக்கினு கீற."

"நான் எங்கடா அழுதேன்?"

"மூஞ்சி அப்டித்தான் கீது. திருப்பு."

ஒரு தட்டு. காது திரும்பிடுச்சு. பாக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர்ல ஸ்டிக்கர் வெட்டற கடைக்கு அப்பவே அனுப்பிட்டேன். அலைய மட்டும் தடியா போட சொன்னாங்க, மெல்லிசா இருந்தா வெயில்ல உரிஞ்சுடுமாம். உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. படத்துல தைரியமா காது வெச்சுக்கிட்டு, கடைல மறைச்சுக்கிட்டே இருக்கப் போறானா?

ஸ்டிக்கர் வந்தன்னிக்கு வந்த மொத வண்டி சுங்குவார்சத்திரத்துலேந்து ஒரு வேன். லேடீஸ் ஹாஸ்டல்லேந்து கம்பெனிக்குப் பொண்ணுங்கள ஏத்திட்டுப் போற வண்டி. டிரைவர் திருநெல்வேலிப் பக்கம், பேச்சுலயே தெரிஞ்சுச்சு. வேலை முடிஞ்சு பாட்டு போட்டான் அண்ணன். நான் வழக்கம் போல கவுன்ட்டர்லேந்து எந்திரிச்சு வேனுக்கு நடந்தேன். அவன் கைய காட்டி என்ன நிறுத்துனான். டிரைவர் பக்கம் திரும்பி சொன்னான்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் உக்காந்து கேட்டு சொல்லுங்க. எனக்கு எடது காது சரியா கேக்காது."

டிரைவர் அவன ஏற எறங்கப் பாத்தாரு.

"காது கேக்காதா? பொறவு எப்டிப்பா செட்டு மாட்டுத?"

கிண்டல் இல்ல. நெஜமாவே கேட்டாரு.

"வலதுல கேப்பேன். திரும்பி உக்காந்து மறுக்கா கேப்பேன். அப்பறம் வண்டிக்காரர கேப்பேன். உங்க வண்டி, உங்க காதுதான முக்கியம்?"

டிரைவர் போய்டுவாருன்னு நெனச்சேன். எடது சீட்டுல ஏறி உக்காந்து கண்ண மூடிக்கிட்டாரு. ஒரு பாட்டு முழுசா ஓடுச்சு. "ஏ, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா கொறைச்சிரு"ன்னாரு. "நைட் சிஃப்ட் முடிச்ச பிள்ளைய எல்லாம் இந்தப் பக்கத்துலதான் சாஞ்சு ஒறங்கும். வெயிலு மத்த பக்கம் அடிக்கும்லா. காதுகிட்ட வெச்சு இரைஞ்சா பாவம்."

அண்ணன் எடதக் கொறைச்சு, முன்னாடி பக்கத்த லேசா ஏத்துனான். நான் அந்த சீட்டுல நூறு தடவ உக்காந்து தலையாட்டியிருந்தாலும் இது எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஸ்டிக்கர ஒட்டும்போது டிரைவர், "காதா? நல்லாருக்கு. சைசுதான் ரொம்பப் பெருசு, யான காது மாதி"ன்னாரு. கண்ணாடில ஒட்டுனப்புறம் என் டிசைனுக்குக் கெடைச்ச மொத விமர்சனம் அதான்.

மேட்டர் சாயங்காலத்துக்குள்ள ஸ்டாண்டுக்குப் போய்டுச்சு. தாடி அண்ணன் வந்தாரு. "நான் காமெடிக்குத்தான்மா சொன்னேன்"னு எங்கிட்ட சொன்னாரு. அவன்கிட்டயே சொல்லுங்கண்ணான்னேன். அவன்கிட்டப் போய் அதச் சொல்லாம, தன் வண்டில ஒட்டறதுக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கிட்டுப் போனாரு. செட்டு எங்ககிட்ட மாட்டல, ஸ்டிக்கர் மட்டும்.

எல்லாம் சுபம்னு முடிக்க ஆசைதான். ஆனா வல்லம் வடகால் பக்கம் ஒரு டிராவல்ஸ்காரரு, வேன் நெறய வெச்சிருக்கறவரு, எல்லா வண்டிக்கும் எங்களயே மாட்ட சொல்லி பேசி வெச்சிருந்தாரு. இந்த வருஷத்துல எங்களுக்கு வந்த பெரிய ஆர்டரு. நேத்து ஃபோன் பண்ணாரு. நான் ஸ்பீக்கர்ல போட்டேன்.

"தம்பி நல்லாத்தான் செய்றான்மா. ஆனா என்னவோ கேள்விப்பட்டேன். அதான் கொஞ்சம் யோசிச்சுட்டு..."

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அண்ணன் ஃபோன என் கைலேந்து வாங்கி வலது காதுல வெச்சுக்கிட்டான்.

"அண்ணா, நீங்க கேள்விப்பட்டது நெஜம்தான். ஒரு வண்டி மட்டும் அனுப்புங்க. கூட நீங்களும் வாங்க, உக்காந்து கேளுங்க. புடிக்கலன்னா எல்லாத்தயும் கழட்டிட்டு அனுப்பிடறேன். அப்றம் நீங்க யோசிங்க."

அவன் ஃபோன்ல அவ்ளோ நீளமா பேசி நான் கேட்டதே இல்ல. "சரி, சொல்றேன்"னு அவரு வெச்சுட்டாரு.

இத நான் டைப் பண்ற வரைக்கும் அவரு சொல்லல. அனுப்புவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது, கெஸ் பண்ணவும் பயமா இருக்கு. காலைலேந்து அண்ணன் ஃபோன எங்கிட்டக் குடுக்க மாட்றான். ஒரு லோடு வண்டிக் கதவக் கழட்டி வெச்சுக்கிட்டு வேலை பாக்கறான், ஃபோன் அவனோட வலது கைப்பக்கம் ஸ்டூல் மேல கெடக்கு. நான் எடுக்கப் போனா, "வுடு, அவரு பண்ணா நான் பேசிக்கிறேன்"றான்.